நாலு டப்பாவிலும் உப்பு

கிறீச்சென்று பிரேக் சத்தம் கேட்டபோது என் கையில் டீ இருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நீங்கள் இப்போது வரவழைத்துக் கொடுத்த டீயைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், சார். ஆனால் முனிர்கா பஸ் ஸ்டாண்டில் டீக்கடைப் பையா இஞ்சியை நசுக்கிப் போட்டுத் தரும் டீ வேறு ரகம். அதை ஆறவிடக் கூடாது. குடித்து முடித்து, கிளாஸைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் எழுந்து போனேன்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. பஸ் டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு ஆளுக்கொரு அறை விட்டுக்கொண்டிருந்தார்கள். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கதிரவனின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. கதிரவன் இன்னும் கொஞ்சம் தள்ளிக் கிடந்தான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், என்னோடு ஒரே அறையில் இருந்தவன், என்ஜினீயரிங் கடைசி வருஷ லேபில் என் ஜோடி. செத்தவன் தமிழ்ப் பையன், சாட்சியும் தமிழ்ப் பையன் என்றதும் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த ஒரே ஆளான உங்களைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். டெல்லியில் இந்த ஒரு ஏற்பாடாவது ஒழுங்காக நடக்கிறது, வெங்கடேஸ்வரன் சார்.

உங்கள் காகிதத்தில் இருப்பதை வாசித்துக் காட்டினீர்கள். நன்றி. பையன் பஸ்ஸை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டேதான் ரோட்டில் இறங்கினான் என்கிறார் டிரைவர். அவரை யாரும் நம்பவில்லை, லாக்கப்பில் உட்கார்ந்திருக்கிறார். காலையில் லேபில் பட்ட அவமானத்தில் தற்கொலை செய்துகொண்டான் என்கிறார்கள் எங்கள் காலேஜ்காரர்கள். டீக்கடைப் பையாவோ, 'இந்தப் பையன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சிநேகிதனைப் பார்த்து என்னமோ கத்தினான், தடுக்கத்தான் கத்தியிருப்பான் பாவம்' என்று எனக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அதற்குக் கீழே நான் ஒரு கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள்.

போட முடியாது, சார். டிரைவர் சொல்வது உண்மை. அவரை விட்டுவிடலாம். தற்கொலை என்பது தப்பு. டீக்கடைப் பையா சொன்னதில் நான் கத்தியது மட்டும் உண்மை. என்ன கத்தினேன் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. தப்பான ரிசல்ட்டுக்குக் கீழே கையெழுத்துப் போடுவது எனக்குப் பிடிக்காது. என் வேலையே சோதிப்பதுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே.

என் பெயர் சுரேஷ்குமார். சரோஜினி நகர் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸ். அப்பா சிவஞானம், லோதி ரோடு ஆபீஸில் செக்‌ஷன் ஆபீஸர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கதிரவனின் அப்பா லட்சுமணன் கட்டட வேலை செய்கிறவர். அம்மா பவுனு எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து, நாலா என்கிற பெரிய சாக்கடைக்குப் பக்கத்தில் ஒரு ஜுக்கிக் குடிசையில் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் பேதமெல்லாம் கிடையாது, சார். பவுனுக்கென்று தனியாக ஒரு எவர்சில்வர் தம்ளரே ஒதுக்கியிருக்கிறோம். பால்கனியில் கவிழ்த்து வைத்திருப்போம். வேறு யாரும் அதைத் தொட மாட்டோம். அவ்வளவு மரியாதை.

கதிரவனும் நானும் லோதி ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. என்ட்ரன்ஸில் அவனுக்கு என்னைவிட நல்ல ராங்க். அப்பா பெருமையாகத்தான் சொன்னார். "பாத்தியாலே, நம்ம பவுனு மவன. அவனுக்கு வீட்டுல லைட்டு கூடக் கெடையாது." சாப்பிடும்போது சொன்னார். அந்த வாரம் முழுக்க, சாப்பிடும்போதெல்லாம் சொன்னார். எனக்குச் சந்தோஷம்தான். ஜீரணம்தான் கொஞ்சம் ஆகவில்லை.

கடைசி வருஷம் அவன் நிம்மதியாகப் படிக்கட்டும் என்று முனிர்காவில் இருவருமாக ஓர் அறை எடுத்தோம். யோசனை என்னுடையது. பவுனு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பாத்திரச் சோப்பு வாசனை.

இப்போது லேபுக்கு வருகிறேன். எங்களுக்குக் கொடுத்த ப்ராஜெக்டின் பெயர் ரிஜிஸ்டர் ஃபைல். உங்கள் மேஜை மேல் இருக்கும் ரிஜிஸ்டரையும் ஃபைலையும் பார்க்க வேண்டாம். இது வேறு, இதில் எழுதியது தேடினால் கிடைக்கும். கம்ப்யூட்டரின் மூளை கணக்குப் போடும்போது எண்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அதுதான் இது. உங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் ஓர் அறை குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு டப்பா. எந்த டப்பா என்று சொல்ல இரண்டு ஒயர். 'இப்போது எழுது' என்று சொல்ல ஓர் ஒயர். ஒரு டப்பாவில் எழுதியதை, மறுபடி அதன்மேல் எழுதும் வரைக்கும், எப்போது கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிரெட்போர்டு என்கிற துளைப் பலகையில் ஐ.சி. சிப்புகளைச் செருகி, கலர் கலராக ஒயர் இழுத்து, சிவப்பு விளக்குகள் எரிவதைப் பார்த்து எண்ணைப் படிப்போம். அவ்வளவுதான் விஷயம். இதற்காக ஒரு மனிதன் சாவானா என்று கேட்பீர்கள். மனிதன் எதற்குத்தான் சாகவில்லை.

லேபை நடத்துகிறவர் விஜயலக்ஷ்மி மேடம். அவர் லேபில் ஒரு பழக்கம் உண்டு. டிசைன் பண்ணுகிறவன் ஒருவன், சோதிக்கிறவன் இன்னொருவன். கட்டியவனே சோதித்தால் தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்பார். அதனால் சோதனை நடக்கும்போது கட்டியவன் வராந்தாவுக்குப் போய்விட வேண்டும். சோதித்தவன் வெளியே வந்து என்ன சொல்கிறானோ அதை எதிர்த்துப் பேசாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். 'உன் கண்ணை நம்பாதே, டெஸ்டரை நம்பு' என்று கரும்பலகையின் மேல் ஓரத்தில் நிரந்தரமாகவே எழுதிவைத்திருப்பார். அருமையான பழக்கம். எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கதிரவன் டிசைன். நான் டெஸ்டர். இதைப் பேசி முடிவு செய்யத் தேவையே இருக்கவில்லை. எல்லோரும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முதல் சோதனையில் நாலு டப்பாவிலும் ஐந்து என்ற எண்ணை எழுதினேன். நாலையும் படித்தேன். நாலிலும் ஐந்து வந்தது. வராந்தாவுக்குப் போய் "பாஸ்" என்றேன். எப்படிச் சோதித்தாய் என்று கேட்டான். சொன்னேன். சிரித்துவிட்டான்.

"மச்சான், நாலு டப்பாவிலயும் உப்பப் போட்டுட்டு, எதைத் திறந்தாலும் உப்பு இருக்கு, அதனால பாஸுன்னா எப்பிடிடா? ஒரே டப்பாவையே நாலு தடவ திறந்திருந்தாலும் உப்புதானடா வரும்?"

விஜயலக்ஷ்மி மேடம் சிரித்தார். தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் "க்யா போலா, க்யா போலா" என்று கேட்க, கதிரவன் பொறுமையாக இந்தியில் சொன்னான். அவர்களும் சிரித்தார்கள். அவனுக்கு இந்தியும் நன்றாக வரும். அன்றிலிருந்து லேபில் என் பெயர் 'நமக் பாய்', உப்பு அண்ணன். கேன்டீனில் சமோசா வாங்கினால்கூட, "நமக் பாய், உப்பு சரியாக இருக்கிறதா, டெஸ்ட் பண்ணிச் சொல்" என்பார்கள்.

வயசுப் பையன்கள் விளையாட்டு. நான் அதை அன்றே மறந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அறையில் உட்கார்ந்து அவன்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தான். நாலு டப்பாவிலும் நாலு வேறு எண் எழுத வேண்டும். எல்லாவற்றிலும் எழுதி முடித்த பிறகே படிக்க ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றில் எழுதியது இன்னொன்றை அழித்ததா என்று தெரியும். நன்றாகச் சொல்லிக்கொடுத்தான். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கென்ன வெட்கம்.

ஏப்ரலில் லேபில் கூலர் மாட்டினார்கள். ஒரு நாள் நான் எழுதி முடித்துப் படிக்கப் போகும் நேரம், யாரோ கூலர் ஸ்விட்சைப் போட்டார்கள். கடகடவென்று மோட்டார் கிளம்பியது. போர்டில் இருந்த விளக்குகள் அத்தனையும் அணைந்தன. நாலு டப்பாவும் காலி.

காரணத்தை நானேதான் கண்டுபிடித்தேன். அந்த ஐ.சி.யில் 'எல்லாவற்றையும் அழி' என்பதற்கு ஒரு கம்பிக் கால் உண்டு. நமக்கு அது வேண்டாமென்றால் ஐந்து வோல்ட்டோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கட்டாமல் அந்தரத்தில் விட்டாலும் பெரும்பாலும் கட்டியதைப் போலவே நடிக்கும். பக்கத்தில் ஒரு மோட்டார் ஓடினால், சில சமயம் நம் கை கிட்டே போனாலே, நடிப்பு கலைந்துவிடும். கதிரவன் அந்தக் காலைக் கட்ட மறந்திருந்தான்.

வராந்தாவுக்குப் போய்ச் சொன்னேன். அவன் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நானா? நானாடா மறந்தேன்?" என்றான். அப்புறம் என் தோளில் கை வைத்து, "நல்லவேளைடா மச்சான், நீ பாத்த. நீ இல்லன்னா மானம் போயிருக்கும்" என்றான்.

என் வாழ்க்கையில் அவன் என்னைக் கீழிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜிலேபியை ஒரு கடி கடித்தவனிடம் போதும் என்று சொல்லிப் பாருங்கள்.

அந்த ஒயரை அவன் கட்டினான். இரண்டு நாள் கழித்து, அவன் வராந்தாவில் நிற்கும்போது, நான் அதை உருவி என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கூலரைப் போட்டேன். ஃபெயில் என்றேன்.

"இல்ல மச்சான், கட்டினேன். ஆரஞ்சு ஒயர். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"கட்டணும்னு சொன்ன. கட்டல. பச்சை ஒயர் எடுத்துட்டு இருக்கும்போது மேடம் கூப்பிட்டாங்க, போயிட்ட. நான் பாத்துட்டுதான இருந்தேன்."

கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "பச்சையா?" என்றான். பிறகு, "ஆமா, பச்சைதான் போல" என்றான்.

சார், இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். பச்சை என்று ஓர் ஒயரே அங்கே இருக்கவில்லை. நான் எழுதினேன். அவன் திருப்பிச் சொன்னான். பழைய எண் அழிந்து புதிய எண் உட்கார்ந்துவிட்டது. எத்தனை விலையுயர்ந்த ஐ.சி. போட்டுக் கட்டினாலும் இவ்வளவு சுத்தமாக எழுத முடியாது.

அதற்குப் பிறகு ஒயரைப் பிடுங்குவதெல்லாம் எனக்குக் கைவேலைக்காரன் சமாச்சாரமாகத் தோன்றியது. விட்டுவிட்டேன். நன்றாக வேலை செய்கிற போர்டைச் சோதித்துவிட்டு வெளியே வந்து, "மூணாவது டப்பா தப்பா வருதுடா" என்று சொல்வேன். அவ்வளவுதான். போர்டைத் தொடவே மாட்டேன். லேப் பழக்கப்படி அவன் என் சொல்லைத்தான் ஏற்க வேண்டும். அவன் கண்ணால் பார்க்கக் கூடாது. பார்க்கக் கேட்டான், ஓரிரு தடவை. கரும்பலகையைக் காட்டினேன். போய் உட்கார்ந்து, சரியாக இருக்கிற மூன்றாவது டப்பாவை முழுக்கப் பிரித்துத் திரும்பக் கட்டினான். மறுநாள் இரண்டாவது டப்பா தப்பு என்றேன்.

பொய்தானே என்பீர்கள். உபகரணம் எதையும் முழுதாகச் சோதிக்க வேண்டுமானால் வேண்டுமென்றே ஒரு கோளாறை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும் என்று மேடமே பாடம் நடத்தியிருக்கிறார். கதிரவன் அந்த வகுப்பில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கவனித்தேன். ஒரு தடவையாவது வகுப்பைக் கவனித்ததற்கு எனக்குப் பலன் இருக்க வேண்டாமா.

பிறகு அறைக்கும் சோதனையை விரித்தேன். முனிர்கா அறையைப் பூட்டிவிட்டு இருவரும் இறங்கி வருவோம். சந்தில் மாட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கும்போது, "பூட்டினியா?" என்று மட்டும் கேட்பேன்.

"பூட்டினேனே."

"சரி."

அந்தச் 'சரி'யை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். ஆறடி நடப்பான். நிற்பான். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவான். "பூட்டித்தாண்டா இருக்கு" என்பான். "அது நான் பூட்டினதுடா, நீ இறங்கினப்புறம்" என்பேன். சில நாள் கழித்துப் பார்க்கப் போவதை நிறுத்திவிட்டு, என்னைக் கேட்க ஆரம்பித்தான். அடுப்பை அணைத்தேனா மச்சான். பல் தேய்த்தேனா மச்சான். இன்றைக்கு எனக்கு நீ சட்னி கொடுத்தாயா, நான் சாப்பிட்டேனா. எல்லாவற்றுக்கும் அன்பாகப் பதில் சொல்வேன். பாதிக்கு உண்மையான பதில். முழுக்கப் பொய் சொன்னால் எந்த மடையனும் கண்டுபிடித்துவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சரோஜினி நகர் வீட்டில் இருந்தபோது பவுனு பாத்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஹால் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரமாட்டாள், நாங்கள் வேண்டாம் என்று சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை.

"தம்பி, கதிரு ஒரு மாதிரியா இருக்காம்ப்பா. சோத்துல கைய வச்சிக்கிட்டு, நான் சாப்ட்டனாம்மா இல்லியாம்மான்னு என்னையே கேக்குறான். வாசல்ல நின்னுக்கிட்டுப் பூட்டுனனா, பூட்டுனனாங்குறான். நம்ம ஊட்டுக்கு ஏதுப்பா பூட்டு. கோணிதான தொங்குது."

அம்மா சமையலறையிலிருந்தே சொன்னாள். "படிப்பு ஜாஸ்தி ஆயிட்டுன்னா அப்பிடித்தான் ஆகும், பவுனு. அளவா இருக்கணும். எங்க சுரேஷ் பாரு, நிதானமா இருக்கான்."

"பரீட்சை டென்ஷன்தாங்க்கா. நான் கூடவே இருக்கேன்ல" என்றேன்.

பவுனு ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "உன்னத்தான் தம்பி நம்பிக்கிட்டிருக்கேன். அவங்கிட்டயும் சொல்லிட்டேன். உம் புத்தி இப்போ சரியில்ல, சுரேசு தம்பி என்னா சொல்லுதோ அதத்தான் கேக்கணும்னு அடிச்சிச் சொல்லிட்டேன்."

கேட்காமலேயே உதவி செய்கிற குணம் அவளுக்கு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சொல்லாமலேயே பால்கனியையும் கழுவிவிட்டுப் போவாள்.

இன்றைக்குக் காலையில் லேபில் ப்ராஜெக்டை இயக்கிக் காட்டும் கடைசி நாள். நொய்டாவில் புதிதாகச் சிப் டிசைன் கம்பெனி ஆரம்பித்திருக்கும் சுந்தரேசன் என்பவர் வந்திருந்தார். எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்த ஆள் யார் என்பதில் விஜயலக்ஷ்மி மேடத்துக்குச் சந்தேகமே இல்லை. போன வாரமே கதிரவனைக் கூப்பிட்டு, நல்ல சட்டை போட்டு வரச் சொல்லியிருந்தார். அவனிடம் நல்ல சட்டை இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். நீல நிறம். நீங்கள் பார்த்திருப்பீர்கள், இப்போது நிறம் தெரிகிற நிலையில் இல்லை.

நான் எதையும் தொடவில்லை, சார். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த போர்டில் ஒரு கோளாறும் இல்லை. நாலு டப்பாவிலும் நாலு எண் எழுதினேன். கூலரை ஓடவிட்டேன். ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லா விளக்கும் எரிய வேண்டிய இடத்தில் எரிந்தது. சுந்தரேசன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குனிந்து ஒயர்களைப் பார்த்தார். "அடேயப்பா, துணி தைச்ச மாதிரி இருக்கே. யாருப்பா கட்டினது?" என்றார்.

கதிரவன் திரும்பினான். என்னைப் பார்த்தான்.

தலையை மட்டும் லேசாக, இடமும் வலமுமாக, ஒரே ஒரு தடவை ஆட்டினேன். கழுத்தில் புழுக்கம் என்றுகூட நீங்கள் அதைச் சொல்லலாம்.

"சார், இது தப்பு சார்" என்றான் கதிரவன். "சரியா வர்ற மாதிரி இருக்கும் சார். ஆனா தப்பு."

"கண்ணு முன்னால சரியாத்தானேப்பா வருது?"

"கண்ணை நம்பக் கூடாது சார்." சொல்லிக்கொண்டே ஆரஞ்சு ஒயரைப் பிடுங்கினான். அப்புறம் பக்கத்து ஒயரை. அப்புறம் கை நிறைய அள்ளிப் பிடுங்கினான். விளக்குகள் ஒவ்வொன்றாகச் செத்தன. மேடம் பாய்ந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "கதிரவா, விடுடா. எல்லாம் சரியா இருந்ததுடா, பாவி. சரியா இருந்தது."

"இல்ல மேடம். சுரேஷக் கேளுங்க. அவன்தான் டெஸ்டர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நமக் பாய் என்று கூப்பிட்ட அத்தனை பேரும். அப்போது ஒருவன் முகத்திலும் சிரிப்பு இல்லை.

"கொஞ்ச நாளாவே இப்பிடித்தான் சார் இருக்கான்" என்றேன், வருத்தத்தோடு. வருத்தமாகத்தான் இருந்தது.

சுந்தரேசன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சோதனை செய்த முறை நன்றாக இருந்தது என்றார். சிப் தொழிலில் டிசைன் பண்ண ஆயிரம் பேர் கிடைப்பார்களாம். நிதானமாகச் சோதிக்கிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டமாம். ஜூனில் வந்து சேரச் சொன்னார். இப்போது அது கொஞ்சம் தாமதமாகும் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட முடியுமா?

சரி, வேண்டாம்.

அவனை வெளியே கூட்டிவந்தேன். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றான். அந்த நேரத்தில் பவுனு எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். சரோஜினி நகர் போக வேண்டுமானால் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் பஸ் ஏற வேண்டும். எனக்கு டீ குடிக்க வேண்டும் போலிருந்தது. "நீ போய்க்கிட்டு இரு, நான் வரேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நாளாகவே ரோட்டைத் தாண்டும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொள்வான். இடப்பக்கம் பார்த்துவிட்டு வலப்பக்கம் பார்ப்பான். அதற்குள் இடப்பக்கம் பார்த்ததைச் சந்தேகப்படுவான். இன்றைக்குத் தனியாகப் போய் ஓரத்தில் நின்றான். நீலச் சட்டை முதுகில் வேர்வை. வலப்பக்கம் பஸ் வந்துகொண்டிருந்தது. ஸ்டாண்டில் நிற்காமல் போகிற வண்டி. எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் அதைப் பார்த்தான். டிரைவர் பொய் சொல்லவில்லை, சார். நேருக்கு நேர் பார்த்தான். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"மச்சான், பஸ்ஸு வர்ற மாதிரி தெரியுதுடா. நெஜமாவே வருதா?"

அதனால்தான் சொல்கிறேன், தற்கொலை என்று எழுதாதீர்கள். பவுனு அதைக் கேட்டால் தாங்க மாட்டாள். சாக நினைக்கிறவன் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டான். உயிரோடு அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும் என்று ஆசை இருந்ததால்தானே என்னைக் கேட்டான்.

எனக்கு அவன்மேல் கோபம் எதுவும் இல்லை. உப்பு விஷயத்தை நான் அன்றே மறந்துவிட்டேன் என்று முதலிலேயே சொன்னேன். அன்றைக்கு மேடம் மஞ்சள் புடவை கட்டியிருந்தார், ஜன்னலோரம் நின்ற இரண்டு பேர் எல்லோரும் நிறுத்திய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், கதிரவனின் மேல்பல் ஒன்று கோணலாக இருப்பது சிரிக்கும்போதுதான் தெரியும். இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டு திரிய நான் என்ன சின்னப் பையனா.

ஒரே ஒரு சோதனைதான் பாக்கி இருந்தது. கண்ணெதிரே இருப்பதற்கு நேர்மாறான ஒன்றை எழுதினால் அதையும் திருப்பிச் சொல்லுமா என்பது. எந்த டெஸ்டரும் அதைக் கடைசியாகத்தான் வைத்துக்கொள்வான். ரிசல்ட் சொல்ல வேண்டுமானால், பாஸ். பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? இவ்வளவு நேரம் நீங்கள் கேட்டது அந்த ஒன்றைத்தானே. எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். டீக்கடைப் பையா கேட்டார், புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

"ஒண்ணும் வரலடா மச்சான், தைரியமாப் போ."